சொந்த சர்வரில் கிட்லேப்: நிறுவிய பிறகுதான் வேலை

நிரலாளர்கள் எழுதும் நிரலைச் சேர்த்து வைக்கும் கிட்லேப் மென்பொருளை, அந்நிறுவனம் நடத்தும் தளத்திலும் பயன்படுத்தலாம், நம் சர்வரில் நாமே நிறுவியும் வைத்துக்கொள்ளலாம். நிரல் வெளியார் சர்வரில் இருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் இரண்டாவது வழிக்குப் போகிறார்கள்.

சொந்த சர்வர் என்றதும் ஏசி அறையில் உறுமும் பெட்டி நினைவுக்கு வரலாம். இன்று பெரும்பாலும் அது, விஎம்வேர் போன்ற மென்பொருள் பெரிய கணினியொன்றைக் கூறுபோட்டுத் தரும் மெய்நிகர் கணினி. இல்லையென்றால் அமேசான், அசூர், கூகுள் கிளவுடில் வாடகைக்கு எடுத்தது. ஆயிரம் பயனர் வரை 8 விசிபியு, 16 ஜிபி ராம் போதும் என்பது கிட்லேப் தரும் கணக்கு. தேவையான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ரெடிஸ், எஞ்சின்எக்ஸ் போன்ற துணை மென்பொருள்கள் எல்லாம் ஒரே தொகுப்பாக வருவதால் உபுண்டுவில் நிறுவுவது பெரிய வித்தையல்ல.

சிக்கல் டிஸ்க்கில் தொடங்குகிறது. அமேசானில் சில வகைக் கணினிகளோடு வரும் உள் டிஸ்க், கணினியை நிறுத்தினாலே அழிந்துவிடும். தரவுக்கு நிலையான தனி டிஸ்க் வேண்டும். பேக்கப் எடுத்தாலும் கிட்லேப் முக்கியமான ஒரு கோப்பைச் சேர்ப்பதில்லை: ரகசியச் சாவிகள் உள்ள 'கிட்லேப்-சீக்ரெட்ஸ்' கோப்பு. பூட்டையும் சாவியையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதே காரணம். நியாயம்தான். ஆனால் அதைத் தனியாக எடுத்துவைக்காதவர், தரவை மீட்ட பிறகும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வேலை செய்யாமல் திண்டாடுவார்.

பேக்கப் விஷயத்தில் கிட்லேப் நிறுவனமே பட்டிருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, துணை சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தை ஒரு பொறியாளர் அழித்தார். போனது சுமார் 300 ஜிபி. அன்றாட பேக்கப்பைத் தேடினால் அது இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் கருவி 9.2, தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டுவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அதுவும் அசூரின் வேகம் குறைந்த டிஸ்க்கில் இருந்ததால், திரும்பக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடித்தது.

ஆகவே பேக்கப்பை வேறொரு மெய்நிகர் கணினியில் ஏற்றிப் பார்க்காதவரை, அது இருப்பதாகக் கணக்கில் எழுத வேண்டாம். ஏற்றும்போது அங்கே கிட்லேப்பின் பதிப்பு எண் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மீட்பு நடக்காது.