வேண்டாத மரப்பொருள்களைக் கழித்தல்

நன்னூலின் இறுதிச் சூத்திரத்தைப் போகிப் பண்டிகை நாளில் எடுத்தோதாதார் நம் நாட்டில் அரியர். பழைய பாயும் முறமும் துடைப்பமும் தெருவில் எரியுங்கால் அச்சூத்திரமே அச்செயற்குச் சான்றாகக் காட்டப்படும். பவணந்தியார் ஆண்டுக் கூறியது சொல்வழக்கைப் பற்றியதேயன்றிக் கட்டிலையும் நாற்காலியையும் பற்றியதன்று என்பதைத் தமிழ் பயிலும் யாம் ஈண்டு நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். வழக்கு வீழ்ந்த சொல் எவர்க்கும் இடையூறு செய்யாது நிகண்டினுள் அடங்கிக் கிடக்கும். கால் ஒடிந்த மேசையோ வழியை அடைத்து நின்று, இருளில் வருவோர் முழந்தாளைப் பதம் பார்க்கும். ஆதலின் வேண்டாத மரப்பொருள்களை எவ்வாறு கழிப்பது என்பது தனியே ஆராய்தற்குரியதாயிற்று.

முதற்கண், ஒரு பொருள் ஏன் வேண்டாததாகின்றது என்பதைக் காண்போம். பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் காலும் கையும் சட்டமும் வைரம் பாய்ந்த தேக்காயின், மூன்று தலைமுறையினர் அதில் அமர்ந்தெழலாம். தேக்கினுள் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டாகலின் செல் அதனை எளிதில் அணுகாது. இருக்கைப் பின்னலோ சில ஆண்டுகளில் தொய்ந்து அறுந்துபோம். அறுந்த அன்றே அந்நாற்காலி மூலைக்குச் செல்லுகின்றது. மூலையில் உள்ளதன்மேல் மற்றொன்று ஏற்றப்படுகின்றது. ஏற்றிய பாரத்தால் மூட்டுக்கள் தளர்கின்றன. ஓராண்டு கழித்துக் காண்பவர், ‘இஃது எதற்கும் உதவாது’ என்கின்றனர். அழிந்தது ஒரு முழப் பின்னல். கழிக்கப்பட்டது நாற்காலி முழுவதும்.

அப்பின்னலைப் புதுப்பித்தல் எவ்வளவு எளிதென்பதைப் பலர் அறியார். பிரம்பின் புறத்தோலை மெல்லிய நாராக எடுத்து, நீரில் ஊறவைத்து, இருக்கைச் சட்டத்தைச் சுற்றிலும் இட்ட துளைகளின் வழியே நெடுக்கில் இருமுறையும் குறுக்கில் இருமுறையும் மூலைவாட்டில் இருபுறமுமாகக் கோத்துப் பின்னுவர். உலருங்கால் நார் சுருங்கி முறுகுமாதலின் பின்னல் தானே இறுகி நிற்கும். கண்பார்வை இல்லாதார் பலர் இத்தொழிலைக் கற்று, அரசாங்க அலுவலகங்களிலும் நாற்காலி பின்னுவோராய் அமர்ந்து ஊதியம் பெற்று வாழ்ந்தனர். விரலாற் காணத்தக்க தொழில் அது. வார்ப்பு நாற்காலிகள் வந்து நிறைந்தபின் அவர்கட்கு வரும் வேலை குறைந்தது. ஒரு நாற்காலியைக் கழிப்பது மரத்தோடு மட்டும் முடிந்துவிடுகின்ற செய்தியன்று என்பது இதனாற் போதரும்.

மூட்டுத் தளர்வதும் பெருங்குற்றமன்று. பழைய தச்சர் ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போற் செதுக்கி, மற்றொன்றில் துளையிட்டுச் செருகி, வச்சிரம் இட்டுச் சேர்த்தனர். தோலினின்று காய்ச்சியெடுக்கும் அவ்வச்சிரம் வெம்மையும் ஈரமும் பட்டால் இளகிவிடும். எனவே, மூட்டை ஊறின்றிக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மீண்டும் சேர்த்தல் கூடும். பின்னர்ப் பழுது பார்ப்பார்க்கும் இடம் வைத்தே அவர்கள் வேலை செய்தனர் போலும்! ஆணி அறைந்து ‘சரி செய்வோர்’ இவ்வாய்ப்பைக் கெடுத்துவிடுகின்றனர். ஆணியால் நாக்குப் பிளந்தபின் மீட்பு அரிது.

உளுத்த மரத்தின் நிலை வேறு. வெள்ளை மரம் மட்டும் உளுத்து மாவு கொட்டினால், அப்பகுதியை நீக்கி மற்றதைக் காக்கலாம். வைரமே அரிக்கப்பட்டு, தட்டினால் வெற்றொலி தருமாயின் அடுப்பிற்கே உரித்து. மூட்டைப்பூச்சியைக் குறித்தோ, விடுதியில் வாழும் நண்பர்கட்கு யாம் விரித்துரைக்க வேண்டா. அது குடியிருக்கும் கட்டிலைக் கொதிநீர் ஊற்றித் தூய்மை செய்யாது ஏழைக்கு ஈந்தேம் என்று மகிழ்வார் ஈந்தது கட்டிலை மட்டுமன்று.

இக்காலத்துக் கடைகளில் விற்கும் மரத்தூட் பலகையாலாய அலமாரிகட்கு மேற்கூறியவை பொருந்தா. மரத்தூளையும் சிம்பையும் பார்மால்டிகைடு கலந்த பிசினால் பிணித்து அழுத்திய பலகை அது. நீர் பட்டால் ஊதும்; ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை பற்றாது. அதனைப் போகித் தீயில் இடுவது பெருந்தீங்காம். பிசின் கரிந்தெழும் புகை மூச்சுக்கு நஞ்சு. வாங்கும்போதே அதன் கழிவையும் சேர்த்து வாங்குகின்றோம் என்பது எம் கருத்து.

நிற்க. வீட்டிற் கழிப்பது ஒருவகை. நிலையங்களிற் கழிப்பது மற்றொருவகை. நிலையத்தில் ஒரு நாற்காலி கணக்கேட்டினும் அமர்ந்திருக்கின்றது. மேசை நாற்காலிகட்குத் தேய்மானம் ஆண்டுதோறும் நூற்றுக்குப் 10 வீதம், எஞ்சிய மதிப்பினின்று குறைப்பது கணக்கர் வழக்கம். 1,000 ரூபாவுக்கு வாங்கிய நாற்காலி இம்முறைப்படி 30 ஆண்டு கழிந்தபின் ஏட்டில் ஏறத்தாழ 42 ரூபாவாய் நிற்கும். தேக்கின் விலை அதற்குள் பன்மடங்கு ஏறியிருக்கும். ஏடு அதனை அறியாது. இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஒரு பொருளை மிகையென்றோ வழக்கொழிந்ததென்றோ பயன்படாததென்றோ கழிக்குமுன், அதற்குரிய காரணத்தை அப்பொருளை வாங்கும் அதிகாரம் உடையவரே எழுதிவைக்க வேண்டுமென விதிக்கின்றன. நல்ல விதியே. ஆயினும் ‘பழையது’ என்ற ஒரு சொல்லே காரணமாக எழுதப்படுமாயின் விதி என் செய்யும்?

இதற்குச் சண்டிகர் நகரில் நிகழ்ந்ததினும் சிறந்த சான்று யாம் கண்டிலேம். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையால் இலாகூர் பாக்கிஸ்தானுக்கு உரியதாக, இந்தியப் பஞ்சாபிற்குப் புதுத் தலைநகர் வேண்டியதாயிற்று. அதனை வகுத்தவர் லெ கார்புசியே என்னும் கட்டடக்கலைஞர். அவருடைய உறவினரும் துணைவருமாகிய பியேர் ஜான்னரே 1951 முதல் 1965 வரை அந்நகரிலேயே தங்கிப் பணிகளை நடத்தினார். தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் முதலியவற்றிற்கு ஆயிரக்கணக்கில் இருக்கைகள் வேண்டியிருந்தன. அவற்றைத் தேக்காலும் பிரம்பாலும் அவ்வூர்த் தச்சர் செய்யத்தக்க எளிய வடிவில் அமைத்தனர். கால்கள் தலைகீழாய் வைத்த ‘வி’ என்னும் ஆங்கில எழுத்துப்போல் விரிந்து நிற்கும். எந்த அலுவலகத்தைச் சார்ந்தது என்பது தெரிய ஒவ்வொன்றன்மீதும் எழுத்தும் எண்ணும் மையால் பொறித்தனர்.

ஆண்டுகள் சென்றன. பின்னல் அறுந்தது. அலுவலர் இரும்பும் மெத்தையும் வாய்ந்த புதிய நாற்காலிகளை விரும்பினர். பழையவை மொட்டைமாடிகளிலும் முற்றங்களிலும் மலைபோற் குவிந்து வெயிலும் மழையும் உண்டன. பின் முறைப்படியே குழு கூடி, முறைப்படியே ‘உதவாதவை’ எனத் தீர்த்து, முறைப்படியே ஏலம் விட்டனர். விறகு விலையினும் சற்றே மிகுதியாகக் கொடுத்து வாங்கியோருள் பிரெஞ்சு நாட்டு வணிகர் சிலரும் இருந்தனர். அவர்கள் அவற்றைக் கப்பலேற்றி, மெருகிட்டு, பிரம்பு பின்னுவித்தனர். 2007-ஆம் ஆண்டளவில் அவை நியூயார்க்கிலும் பாரிசிலும் ஏலக்கூடங்களில் நின்றன. பின்னர் ஒற்றை நாற்காலியே பல இலட்ச ரூபா பெறலாயிற்று. அலுவலக எழுத்தர் பொறித்த அந்த மை எண்ணே, ‘இது மெய்யான சண்டிகர் நாற்காலி’ என்பதற்கு வாங்குவோர் தேடும் அடையாளமாயிற்று. 2011-ஆம் ஆண்டு மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்றலாகாதெனத் தடுத்தது. போனவற்றை மீட்க வழியில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் 100 ஆண்டு நிரம்பிய பொருள்களையே காப்பதாகலின், 50 ஆண்டு நாற்காலிக்கு அஃது அரணாகவில்லை. விற்றோரை யாம் கள்வர் என்னோம். முறை வழுவினார் என்றுங்கூறோம். தச்சன் ஒருவன் அக்குழுவில் இருந்திருப்பின், பாரிசில் நிகழ்ந்த பின்னல் அங்கேயே நிகழ்ந்திருக்கும் என்று மட்டும் கூறுவோம்.

எல்லாப் பழம்பொருளும் பொன்னாகும் என யாம் சொல்ல வந்தேமல்லேம், பெரும்பான்மையானவை ஆகா. வீட்டார் கழிக்கும் வழிகள் சிலவே. பழுது நீக்கித் தொடக்கப்பள்ளிக்கோ புதிதாய்க் குடித்தனம் தொடங்குவோர்க்கோ கொடுத்தல் ஒன்று. கொடுக்குமுன் அவர் வாயிலின் அகலத்தையும் மாடிப்படியின் வளைவையும் அளந்தறிக. பர்மாத் தேக்குக் கட்டில் பாதிப்படியிற் சிக்கி நின்றால் கொடுத்தவரும் பெற்றவரும் நட்பிழப்பர். பழைய மரக்கடைக்கு விற்றல் மற்றொன்று. அவர்கள் அலமாரியை உடைத்துப் பலகையாக்கிச் சன்னற் கதவிற்குப் பயன்படுத்துவர், அதுவும் இழிவன்று. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிற் செட்டிநாட்டு மனைகளின் தூணும் நிலைக்கதவும் பெட்டகமும் வரிசையாக விற்கப்படுவதைப் பலர் கண்டிருப்பர். அங்கு விற்போர் எதற்கு என்ன பெறும் என்பதை நன்கறிவர். முதலில் வீட்டுடையார் அறிந்திருந்தனரா என்பதே ஐயம்.

இவற்றை யாம் இப்பொழுது எழுதுதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரி நூலகத்தின் மாடியறையில், பழைய மாணவர் பலர் அமர்ந்து படித்த பிரம்பு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கோடை விடுமுறையில் அவை எடைக்கு விற்கப்படும் எனக் கேள்வியுற்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் நால்வர் அனுமதி பெற்று மேலேறி எண்ணினோம், 37 உள. அவற்றுள் 29-இல் பின்னல் ஒன்றே பழுது. நான்கில் மூட்டுத் தளர்ந்துள்ளது. எஞ்சிய நான்கும் உளுத்தவை. அவற்றை விற்க யாம் தடை சொல்லோம். ஏலத்திற்கு முன்னர்த் தச்சர் ஒருவரையும் பின்னுவார் ஒருவரையும் அழைத்துக் காட்டுமாறு முதல்வர் அவர்களையும் பொருளாளர் அவர்களையும் பணிவுடன் வேண்டுகின்றோம். ஒரு நாற்காலிக்குரிய பின்னற் கூலியைத் தாமே ஏற்க விரும்பும் பழைய மாணவர் எவரேனும் உளராயின், தமக்குரியதை இனங்காண்டல் அரிதன்று. இருக்கையின் கீழே பேனாக்கத்தியாற் செதுக்கிய பெயர்கள் பெரும்பாலும் இன்னும் படிக்கத்தக்கனவாகவே உள்ளன.