‘சுராங்கனி’ தெரியும்... பாடினவரைத் தெரியுமா?

திண்டுக்கல்லில் இருந்து கிளம்புற கொடைக்கானல் டூர் வேன் செம்பட்டியைத் தாண்டுறதுக்குள்ள யாராவது ‘சுராங்கனி’யை ஆரம்பிச்சிடுவாங்க. மொத்த வேனும் கை தட்டும். பாடினவர் யாருன்னு கேட்டா மட்டும் பதில் வராது.

அவர் ஏ.இ.மனோகரன். இலங்கைத் தமிழர். 1970-களில் ‘பொப்’ பாடல்களால் (பாப்பை அங்கே அப்படித்தான் சொல்வாங்க) இலங்கை மேடைகளில் கொடிகட்டிப் பறந்தவர். இலங்கை வானொலி வழியா அந்தக் குரல் நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்தது.

பாட்டில் துள்ளுற தாளத்துக்குப் பெயர் ‘பைலா’. போர்ச்சுகீசியர் இசையும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் இசையும் கலந்து இலங்கையில் உருவானது. நாம அர்த்தம் தெரியாமலே பாடுற ‘மாலு’ சிங்களச் சொல், மீன்னு அர்த்தம். 1956-ல் தனிச்சிங்களச் சட்டம் வந்து, மொழியே சண்டைக்குக் காரணமாகிப்போன நாடு அது. அங்கே ஒரே பாட்டில் சிங்களத்தையும் தமிழையும் கலந்து பாடி, ரெண்டு தரப்பையும் ஆட வெச்சார் மனோகரன். என்னைக் கேட்டா, அவரோட பெரிய சாதனை அதுதான்.

1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில், இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் இதைப் பாடினார். இங்கே பலருக்கு அதுதான் ஒரிஜினல். மனோகரனோ ‘சிலோன் மனோகர்’னு தமிழ் சினிமாவில் வில்லனா நடிச்சுக்கிட்டிருந்தார். 2018 ஜனவரி 22-ல் சென்னையில் காலமானார்.