உங்களுக்குத் தெரியுமா? வேனின் தளத்தையே தாழ்த்தலாம்!

சக்கர நாற்காலியோடு ஒருவர் வேனில் ஏற லிஃப்ட் இருந்தால் போதும் என்றே பலரும் நினைக்கிறோம். ஏறிய பிறகு தலை கூரையில் இடித்தால் என்ன பயன்? இதற்குத் தீர்வு தந்தவர்களில் ஒருவரான, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் பிரவுன், தசைச்சிதைவு நோயால் நடக்க இயலாதவர். 1960-களில் பழைய தபால் ஜீப் ஒன்றில் லிஃப்டும் கையால் இயக்கும் கருவிகளும் பொருத்தித் தானே ஓட்டினார். அவருடைய நிறுவனம் 1991-இல் தளம் தாழ்த்திய மினிவேனைக் கொண்டுவந்தது. தளத்தை வெட்டிக் கீழிறக்கினால் நாற்காலி ஏறும் சாய்தளத்தின் சரிவு குறைகிறது. தலைக்கு மேல் இடம் கிடைக்கிறது. கண்கள் ஜன்னலுக்கு நேராக வருவதால் சாலையைப் பார்த்தபடியே பயணிக்கலாம்.

தாழ்ந்த தளம் மேடுபள்ளத்தில் அடிபடாதா என்ற கேள்வி நியாயமானதே. கரடுமுரடான சாலைகளுக்கு லிஃப்ட் வைத்த உயரமான வேன்தான் ஏற்றது. செலவு அதிகம் என்பதும் உண்மை. ஆனால் மாற்றம் செய்யாத வேனில் ஒவ்வொரு முறையும் ஆளைத் தூக்கி இருக்கையில் வைக்க வேண்டும். தூக்குபவரின் முதுகு பாதிக்கப்படலாம், தூக்கப்படுபவர் கீழே விழவும் கூடும். பாதுகாப்பிலும் சிக்கனம் கூடாது. நாற்காலியின் சட்டத்தை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகள் தரையோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். பயணிக்கு இடுப்பையும் தோளையும் அணைக்கும் சீட் பெல்ட் தனியே வேண்டும். நாற்காலியிலேயே உள்ள சாதாரண பெல்ட் விபத்தில் காக்காது. இவை சலுகைகள் அல்ல. பயணம் செய்யும் உரிமையின் அடிப்படைத் தேவைகள்.