புது தோசைக்கல்லைப் பழக்குவதுபோல, புது ஹெட்போனையும் பழக்க வேண்டுமா?

புது மண்சட்டி வாங்கினால் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி இரண்டு மூன்று நாள் அப்படியே வைப்பார்கள். புது இரும்பு தோசைக்கல் என்றால் எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, முதல் நாலைந்து தோசை பிய்ந்து வந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். 'பழக்கணும்' என்று ஒரே வார்த்தையில் அம்மாக்கள் விஷயத்தை முடித்துவிடுவார்கள்.

ஹெட்போன் பிரியர்களிடமும் இதே வார்த்தை உண்டு. அவர்கள் அதற்கு 'பர்ன்-இன்', 'பிரேக்-இன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புது ஹெட்போனை முதல் நாள் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். 50 மணி நேரமோ 100 மணி நேரமோ பாட்டை ஓடவிட்டுப் பழக்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் அதன் உண்மையான சத்தம் வெளியே வருமாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இதில் ஒரு சிக்கல். ஆன்லைனில் வாங்கும் பொருளைத் திருப்பி அனுப்பவோ மாற்றவோ பெரும்பாலும் 7 நாளோ 10 நாளோதான் தருகிறார்கள். தினமும் 10 மணி நேரம் ஓடவிட்டாலும் 100 மணி நேரம் முடிய 10 நாள் ஆகும். 'பழகட்டும், பழகட்டும்' என்று காத்திருந்து, கடைசியில் பிடிக்கவில்லை என்று தெரியும்போது கெடு தாண்டியிருக்கும். காசு போனது போனதுதான்.

அருவிச் சத்தத்துக்கு நடுவே...

தென்காசி, குற்றாலம் பக்கம் காதை முழுசாக மூடும் 'க்ளோஸ்டு பேக்' ஹெட்போனுக்கு வேலை அதிகம். மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்து ஆண்டுகள் பல ஆகின்றன. கொரோனாவுக்குப் பிறகு, சொந்த ஊர் வீட்டு மாடியிலிருந்தே சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வேலை பார்ப்பது எந்த ஊரிலும் அதிசயமில்லை. மீட்டிங் நடுவில் பக்கத்துக் கோயில் கொடை விழாவின் குழாய் ஒலிபெருக்கி அலறும். ஜூனில் சீசன் தொடங்கிவிட்டால், தகரக் கூரை வீட்டில் சாரல் விழும் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மாலையில் செங்கோட்டையில் கிளம்பி விடியலில் சென்னை சேரும் பொதிகை எக்ஸ்பிரஸில், ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். அதை எழுதித்தான் தெரிய வேண்டுமா!

க்ளோஸ்டு பேக் என்றால் காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுக்க அடைபட்டிருக்கும். வெளிச் சத்தம் உள்ளே வருவது குறையும். உள்ளே ஓடும் பாட்டு வெளியே கசிவதும் குறையும். ரெக்கார்டிங் தியேட்டரில் பாடகர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த வகைதான். காதில் ஓடும் இசை, முன்னால் இருக்கும் மைக்கில் போய் விழுந்துவிடக் கூடாது அல்லவா? உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் காணப்படும் சோனியின் எம்.டி.ஆர்.-7506 மாடல் 1991-ல் வந்தது. இன்னமும் விற்பனையில் இருக்கிறது. 'ஓபன் பேக்' என்பது இதற்கு நேர் எதிர். பின்பக்கம் ஜன்னல் வைத்தது மாதிரி காற்றோட்டமாக இருக்கும். அமைதியான அறைக்கு அது சரி. பஸ் ஸ்டாண்டுக்கும் அருவிக்கரைக்கும் சரிப்படாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெயின் அருவிக்குப் பக்கத்தில் நின்றால் இந்த மூடிய கிண்ணம்கூட முழுசாகக் காப்பாற்றாது. அருவியின் ஓசையில் கீச்சென்ற சத்தத்திலிருந்து அடிவயிற்றில் அதிரும் சத்தம் வரை எல்லாம் கலந்திருக்கிறது. கூர்மையான ஓசையைக் கிண்ணம் நன்றாகத் தடுக்கும். அந்த அடி அதிர்வு மட்டும் உள்ளே வந்துவிடும். 'நாய்ஸ் கேன்சலிங்' என்ற மின்னணு வசதி உள்ளவை அந்த அதிர்வைத்தான் குறிவைக்கின்றன. எது எப்படியோ, குற்றாலத்துக்குப் போய் அருவிச் சத்தத்தை ஹெட்போனால் அடைப்பவரை என்ன சொல்வது?

முதல் நாள் ஏமாற்றம்

பெட்டியைப் பிரித்து முதல் முறை மாட்டியதும் பலருக்கும் வரும் புகார்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தலையை இறுக்கிப் பிடிக்கிறது. காது பத்து நிமிடத்தில் வியர்த்துவிடுகிறது. பாட்டு ஒரு சின்ன அறைக்குள் அடைபட்ட மாதிரி இருக்கிறது. 'ஸ்', 'ச்' எழுத்துகள் காதைக் குத்துகின்றன. போனில் பேசினால் தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குகிறது. கடைசியாகச் சொன்னது ஹெட்போனின் கோளாறே இல்லை. காதை விரலால் அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், அப்போதும் அப்படித்தான் கேட்கும்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அதே ஆட்களில் பலர் 'இப்போ நல்லா இருக்கு' என்பார்கள். அப்படியானால் ஹெட்போன் பழகிவிட்டதா?

இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன. முதலாவது, காதைச் சுற்றி உட்காரும் மெத்தை. 'இயர் பேட்' என்ற இந்த நுரை மெத்தை புதிதில் விறைப்பாக இருக்கும். உடல் சூட்டிலும் அழுத்தத்திலும் நாளாக ஆக இளகி, அவரவர் தாடை வளைவுக்கு ஏற்ப உட்காரும். தலைப்பட்டையின் இறுக்கமும் கொஞ்சம் தளரும். மூடிய ஹெட்போனில் பாஸ் சத்தம் சரியாகக் கேட்க வேண்டுமானால், மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே காற்று கசியக் கூடாது. மெத்தை நன்றாக உட்கார்ந்தால் தவில் அடியும் வில்லுப்பாட்டுக் குடத்தின் 'தொம்'மும் முழுசாக வரும். மூக்குக் கண்ணாடியின் காம்பு நடுவில் வந்தாலோ, பெரிய ஜிமிக்கி மாட்டியிருந்தாலோ, முடிக்கற்றை சிக்கினாலோ காற்று கசிந்து பாஸ் ஒல்லியாகிவிடும். பாம்படம் போட்ட பாட்டிமார் காலத்தில் ஹெட்போன் இல்லாதது நல்லதாகப் போயிற்று!

இரண்டாவதாக மாறியது கேட்பவரின் மூளை. பழைய இயர்போனின் ஓசைக்கு மாதக்கணக்கில் பழகிய காது, புதியதை முதலில் 'தப்பு' என்கிறது. நாலு நாள் கேட்டால் அதுவே 'சரி' ஆகிவிடுகிறது. வீட்டு சாம்பாரை விட்டு ஹாஸ்டல் சாம்பாருக்கு நாக்கு பழகுகிற கதைதான். ஹாஸ்டல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

சரி, உள்ளே இருக்கும் இயந்திரம் மாறுவதே இல்லையா? அங்கே சத்தம் எழுப்பும் பாகத்துக்கு டிரைவர் என்று பெயர் (பஸ் ஓட்டுகிறவர் இல்லை). காதை மூடும் ஹெட்போன்களில் பெரும்பாலும் 40 அல்லது 50 மில்லிமீட்டர் அகலத்தில், மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று நுணுக்கமாக அசைந்து ஒலியை உண்டாக்குகிறது. பெரிய ஒலிபெருக்கிகளில் கூம்பைத் தாங்கும் வளையம் புதிதில் விறைப்பாக இருந்து, ஓட ஓட இளகுவது உண்மை. அதை அளந்தும் காட்டலாம். பழக்கும் கதை அங்கிருந்து ஹெட்போனுக்கு வந்திருக்க வேண்டும். இந்தச் சின்னப் படலத்தில் அந்த அளவுக்கு இளகுவதற்கு எதுவும் இல்லை.

அமெரிக்க ஹெட்போன் விமர்சகர் டில் ஹெர்ட்சன்ஸ் 2011-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஏ.கே.ஜி. நிறுவனத்தின் க்யூ701 என்ற மாடலை (அது ஓபன் பேக் வகை) நாள்கணக்கில் ஓடவிட்டு, நடுநடுவே கருவியால் அளந்தார். மாற்றம் இருந்தது, ஆனால் மிகச் சிறியது. தலையில் ஹெட்போனைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினாலே ஓசை அதைவிட அதிகமாக மாறும். மைக்குக்கும் இயர்போனுக்கும் பெயர்பெற்ற ஷூர் நிறுவனமும் இதே பக்கம்தான். 1997-ல் அறிமுகமான தங்கள் இ1 இயர்போன்களில் நன்கு உழைத்தவற்றை அளந்தபோதும் புதிதில் இருந்த அளவே வந்தது என்று சொல்லியிருக்கிறது.

பழக்குவது பொய் என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது. தோல் வாத்தியங்களுக்கு அது மெய். பறையைத் தீயில் காய்ச்சாமல் அடிக்க முடியாது, சாரல் ஈரத்தில் இன்னும் கூடுதலாகக் காய்ச்ச வேண்டும். நாதஸ்வரத்தின் புதுச் சீவாளியை நனைத்து ஊதி வழிக்குக் கொண்டுவர வேண்டும். தோலும் நாணலும் ஈரத்துக்கும் சூட்டுக்கும் மாறுகிறவை. பிளாஸ்டிக் படலம் அந்தச் சாதியில்லை.

முதல் மூன்று நாளில் என்ன பார்ப்பது?

வந்த அன்றைக்கே பில்லைப் பார்த்து, திருப்பி அனுப்பும் கடைசித் தேதியை போன் காலண்டரில் குறித்துவிடுவது நல்லது. பிறகு நன்றாகத் தெரிந்த நாலு பாட்டைக் கேட்க வேண்டும். புதுப்பாட்டு வேண்டாம், பல வருடம் கேட்டு மனப்பாடமானதுதான் சோதனைக்கு உதவும். குரல் நடு நெற்றியில் கேட்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? மிருதங்கத்தின் தொப்பி பக்கமும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்கின்றனவா? சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் எங்காவது கிர்ரென்று அதிர்கிறதா? ஒரு காதில் சத்தம் குறைவு, கரகரப்பு, பட்டன் வேலை செய்யவில்லை என்றால் உடனே திருப்ப வேண்டும். இவை எந்தக் காலத்திலும் 'பழகி' சரியாகாது.

இறுக்கம் மட்டும்தான் புகார் என்றால் காத்திருக்கலாம். தலையைவிடக் கொஞ்சம் அகலமான புத்தக அடுக்கின் மேல் இரவு மாட்டிவைத்தால் பட்டை தளரும். முரட்டுத்தனமாக விரித்தால் முறிந்தும் போகும், மாற்றித் தர மாட்டார்கள்.

பழக்குகிறேன் என்று தலையில் மாட்டிக்கொண்டே சத்தத்தை முழுசாக வைத்து ஓடவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு, 75 டெசிபல். 12 முதல் 35 வயதுக்குள் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சத்தத்தால் கேட்கும் திறன் பாதிக்கப்படும் ஆபத்து இருப்பதாக அந்த நிறுவனம் 2022-ல் எச்சரித்தது. உள்காதில் சத்தத்தை உணரும் நுண்ணிய செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

மூடிய ஹெட்போனின் நிஜமான லாபமும் இங்கேதான் இருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸின் தடதடப்பை மீறிக் கேட்க, சாதாரண இயர்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். காதை நன்றாக மூடும் மெத்தை இருந்தால் அதற்குத் தேவை குறையும். வீட்டில் இரவு அமைதியாக இருக்கும்போது வசதியான சத்த அளவு போனில் எத்தனை புள்ளி என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். ரயிலில் அதற்கு மேல் இரண்டு மூன்று புள்ளி ஏற்றினாலே போதும் என்றால் ஹெட்போன் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தென்காசி–குற்றாலம் சாலையில் பைக் ஓட்டும்போது மட்டும் அது பையிலேயே இருக்கட்டும். சீசன் கூட்டத்தில் பின்னால் வரும் வேனின் ஹாரன் கேட்டாக வேண்டும்.

சாரல் ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு, ஈரப்பதம். விலை குறைந்த ஹெட்போன்களின் மெத்தையை மூடியிருக்கும் செயற்கைத் தோல் ஈரத்தில் மெல்லச் சிதையும். ஒருநாள் காதைச் சுற்றிக் கறுப்புச் செதில்களாக ஒட்டிக்கொள்ளும். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து, பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் கொஞ்ச நாள் கூடுதலாக உழைக்கும். பல மாடல்களுக்கு மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கிறது. அதை மாற்றிய முதல் வாரம் ஹெட்போன் மறுபடியும் இறுக்கிப் பிடிக்கும், பாட்டும் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும்.