வேனுக்குள் குடை விரிக்கலாமா?

டெலானிபூர்: மழை பெய்தால் குடை விரித்துக்கொண்டு வேனுக்குக் காத்திருப்பது வழக்கம். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் குடையை மடக்க முடியாமல் போனால்? பழைய வண்டியில் பயணம் செய்து சட்டை நனைந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் விளங்கும்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் பெய்வதோ சுமார் 3,000 மில்லிமீட்டர். மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். போதாததற்குக் கடலின் உப்புக்காற்று வேறு. இவை இரண்டும் சேர்ந்து பதம் பார்ப்பது வண்டியின் கூரைக் கதவை. 'ரூஃப் ஹாட்ச்' என்று சொல்வார்களே, அதுதான்.

மினி பஸ், வேன், படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய 'கேரவன்' வண்டி எனப் பலவற்றிலும் இந்தக் கதவு உண்டு. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிய பின் இவ்வகை வண்டிகள் நம்மவர்களுக்கும் அறிமுகமாகிவிட்டன. வண்டி எதுவானாலும் கூரைக் கதவுக்கு வரும் நோயும் மருந்தும் ஒன்றே.

ஓட்டை ஓரிடம், சொட்டு வேறிடம்

கூரைத் தகட்டுக்கும் உள் பிளைவுட்டுக்கும் இடையே புகும் தண்ணீர், சட்டத்தின் வழியே ஓடி நாலடி தள்ளிக்கூடச் சொட்டும். சொட்டும் இடத்தில் பசை பூசிப் பயனில்லை. ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே உட்கார வேண்டும். மற்றவர் கூரையின் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் குழாய்த் தண்ணீரை விட்டு மேலே நகர வேண்டும். திருடன் அகப்பட்டுவிடுவான்.

மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கச் செலவே இல்லை. ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கு அடியில் வைத்து மூடியைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் அமுங்கவில்லை என்று பொருள்.

புண்ணுக்குப் புனுகு வேண்டாம்

பழைய பசையின் மேல் புதுப் பசை அப்புவதே பலரும் செய்யும் தவறு. காய்ந்துபோன சிலிகான் மேல் வேறு பசையோ பெயிண்டோ நன்றாகப் பிடிக்காது. காடி வாடை அடிக்கும் சிலிகானிலிருந்து வெளிப்படும் அமிலம், துத்தநாகம் பூசிய தகட்டை அரிக்கவும் செய்யும்.

சரியான வழி, சட்டத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டித் துடைத்து, துருவை நீக்கிப் பெயிண்ட் அடிப்பது. பின்னர் சட்டத்தின் அடியில் 'பியூட்டைல் டேப்' ஒட்டி வைக்க வேண்டும். ஸ்க்ரூக்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை இறுக்கினால் சட்டம் கோணிக்கொள்ளும். ஸ்க்ரூத் தலைகளின் மேல் வெயிலுக்குத் தாங்கும் சீலண்ட் பூசினால் வேலை முடிந்தது.

ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுவதே நல்லது. நன்றாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, சிலிகான் கிரீஸ் தடவலாம். எஞ்சின் ஆயிலும் சாதாரண கிரீஸும் கதவு ரப்பரை உப்பச் செய்து கெடுத்துவிடும். அக்ரிலிக் மூடியைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைத்தால் நுண்ணிய வெடிப்புகள் விழும்.

ஒழுகாத கதவு, திறக்காத கதவு

ஒழுகல் தொல்லை தாங்காமல் மூடியைச் சுற்றிலும் பசை பூசி நிரந்தரமாக அடைத்துவிடுவோரும் உண்டு. மழை நின்றுவிடும், அதோடு உயிர் தப்பும் வழியும் அடைபட்டுவிடும்.

பஸ்களில் கூரைக் கதவு அவசர வழிகளில் ஒன்று. வண்டி கதவுப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் வாசல் தரையோடு போய்விடும். கூரை சுவர்போல் நிமிர்ந்து நிற்கும். அப்போது கூரைக் கதவே வாசல். 2013 அக்டோபர் 30 அன்று ஆந்திரத்தின் பாலேம் கிராமத்தருகே (இன்று தெலங்கானாவில் உள்ளது) தீப்பிடித்த பஸ்சில் 45 பேர் மாண்டனர். வெளியேறும் வழி எத்தனை இருந்தாலும் அதிகமில்லை என்பதே அந்தத் துயரம் கற்பித்த பாடம்.

எனவே பழுது பார்த்த பின் ஒழுகலை மட்டும் சோதித்தால் போதாது. உள்ளிருந்து ஒரு பெண்ணோ வளர்ந்த பிள்ளையோ தள்ளித் திறக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை திறந்து மூடினால் கீலும் தாழ்ப்பாளும் இறுகிப் போகாது.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. தகடு உலர்ந்திருந்தால்தான் பசை பிடிக்கும். ரப்பரும் டேப்பும் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தால், பொங்கல் கழிந்ததுமே சொல்லிவைப்பது புத்திசாலித்தனம். மே மாத மேகத்தைப் பார்த்த பிறகு ஏணியைத் தேடினால், மிஞ்சுவது வேனுக்குள் குடைதான்!