வந்தவர் சொன்னது – 9: மன்றோ கேட்ட குரலும் கேட்காத குரலும்

ஜப்பானில் குடியேறி அந்நாட்டைப் பற்றி எழுதியவர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். 1890-இல் அங்கே போய் மாட்சுவே என்ற ஊரில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்து, கொய்சுமி செட்சு என்ற பெண்ணை மணந்து, 1896-இல் ஜப்பானியக் குடிமகனாகவே ஆகிவிட்டவர் லாஃப்காடியோ ஹெர்ன். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, தொண்ணூறை நெருங்கிய வயதில் குடியுரிமை வாங்கிக்கொண்டவர் டொனால்டு கீன். இன்று நிலைமை வேறு. 2024 முடிவில் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் 37 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காடு. 2025 ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில், ஜப்பானியருக்கே முதலிடம் என்று முழங்கிய சான்செய்தோ கட்சி 14 இடங்களைப் பிடித்தது. நேற்று வந்தவர்கள் எங்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல யார் என்ற கேள்வி அங்கே இப்போது தெருவுக்கு வந்துவிட்டது. அதை ஜப்பானின் தனிச்சிக்கல் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு தர்மபுரியில் ஏழாண்டு இருந்த ஒரு வெளிநாட்டுக்காரரின் கருத்து, சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு நிலச் சட்டமாகவே மாறியது. வெளியாள் சொல்லும் கருத்தை எதைக் கொண்டு எடைபோடுவது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அவர் தாமஸ் மன்றோ. 1761-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்து, 1780-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேரச் சென்னை வந்து இறங்கியவர். ஹைதர் அலியோடும் திப்பு சுல்தானோடும் நடந்த போர்களில் இருந்தவர். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி தர்மபுரி அடங்கிய பாராமகாலும் சேலமும் கம்பெனி வசம் வந்தபோது, சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழி தெரியாது என்பதால், அந்தப் பொறுப்பைக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு படை அதிகாரிகளிடம் கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு மேலதிகாரி. அவருக்குக் கீழே மெக்லியோடு, கிரஹாம், மன்றோ என்று மூன்று உதவியாளர்கள். மன்றோவுக்கு வாய்த்தது தர்மபுரி. 1799-இல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றலாகிப் போகும்வரை தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தில்தான் அவர் வருவாய் நிர்வாகம் கற்றார். இங்கே கற்றதைக் கடப்பை, பெல்லாரிப் பக்கம் கொண்டுபோனார். 1820 முதல் 1827-இல் காலராவில் இறக்கும்வரை சென்னை கவர்னராக இருந்து, ரயத்து எனப்படும் குடியானவரிடமே சர்க்கார் நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைநாட்டினார்.

அந்த முறையின் விதை எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். நிலத்தை அளந்து, தீர்வை நிர்ணயித்து, சில ஆண்டுகளுக்குக் குத்தகையாக ரயத்துகளிடம் விட்டுவிடலாம் என்பதே ரீடின் முதல் திட்டம். காகிதத்தில் அது ஒழுங்கான திட்டம்தான். ஆனால் பாராமகால் புஞ்சைக் காடு. மழை பொய்த்தால் கேழ்வரகும் சாமையும்கூடக் கைக்கு வராது. ஒரு குடியானவருக்கு இந்த வருடம் மாடு இருக்கும், விதை இருக்கும், நான்கு காடு உழுவார். அடுத்த வருடம் மாடு செத்துப்போனால் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். பல வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கட்டுப்பட அவர் தயாராக இல்லை. கர்ணம் கணக்கை விரித்து வைத்திருக்க, எதை உழுவோம், எதை விடுவோம் என்று குடியானவரே ஆண்டுதோறும் சொல்லும் ஜமாபந்திதான் அவருக்குத் தோதாக இருந்தது. 1796 இறுதியில் ரீடு இதை ஏற்றுக்கொண்டார். மன்றோவும் இதன் பக்கம் வந்துசேர்ந்து, தீர்வையைக் குறைத்தால்தான் இது நிலைக்கும் என்று வாதாடினார். ரயத்துவாரி என்று பின்னாளில் பெயர்பெற்ற கொள்கையின் கரு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மூளையில் தனியாக உதித்ததல்ல. தர்மபுரிக் குடியானவர் மறுத்ததிலிருந்து பிறந்தது.

வெளியாளின் கருத்தை மதிப்பிட வழக்கமாக இரண்டு அளவுகோல்கள் சொல்வார்கள். தூரத்தில் நிற்பவருக்கே நடுநிலை இருக்கும் என்பது ஒன்று. ஜேம்ஸ் மில் அப்படி நினைத்தவர். இந்திய மண்ணில் கால் வைக்காமலேயே 1817-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். போய்ப் பார்க்காதது குறையல்ல, நன்மையே என்று முன்னுரையில் வாதமும் செய்தார். அவருடைய நூலில் இந்தியர் இழிந்த நிலையிலிருக்கும் மக்களாக வருகிறார்கள். கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றும் பள்ளியில் அந்த நூல் பாடமாயிற்று. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1813-இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன மன்றோவோ, இந்தியாவின் உழவையும் கைத்தொழிலையும் ஊருக்கு ஊர் உள்ள பள்ளிகளையும் விருந்தோம்பலையும் எடுத்துச்சொல்லி, நாகரிகத்தை இரு நாடுகளும் பண்டமாற்றுச் செய்தால் லாபம் இங்கிலாந்துக்குத்தான் என்று முடித்தார். அருகில் இருந்து பார்த்தவர் சொன்னதும் தூரத்தில் இருந்து படித்தவர் சொன்னதும் இவ்வளவு வேறுபட்டன.

அப்படியானால் நீண்ட காலம் இருப்பதுதான் தகுதியா? இரண்டாவது அளவுகோல் அது. அதுவும் தேறாது. பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா 1792 முதல் 1823 வரை இந்தியாவில், பெரும்பாலும் மைசூர்ச் சீமையிலும் தமிழ்நாட்டிலும் இருந்தார். நம்மவரைப்போல் உடுத்தினார், நம்மவர் நடுவே வாழ்ந்தார். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி அவர் தந்த கையெழுத்துப் பிரதியைக் கம்பெனி விலை கொடுத்து வாங்கி 1816-இல் ஆங்கிலத்தில் அச்சிட்டது. நூறாண்டுக்கு மேல் அது ஆதார நூலாக நடமாடியது. அந்தப் பிரதியின் பெரும்பகுதி, அவருக்கு முன்பிருந்த கெர்து என்ற சேசு சபைப் பாதிரியாரின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பிற்கால ஆய்வு காட்டிவிட்டது. முப்பது ஆண்டு கூடவே இருந்தும், இன்னொருவர் பார்த்ததையே தன் பார்வையாகத் தர ஒருவரால் முடிந்திருக்கிறது. ஆக, தூரமும் அளவுகோல் அல்ல. ஆண்டுக் கணக்கும் அளவுகோல் அல்ல.

மூன்றாவது ஓர் அளவுகோல் உண்டு என்பதே இந்த வாரத்தின் வாதம்: யாரைப் பற்றிக் கருத்துச் சொல்லப்படுகிறதோ, அவருக்கு மறுத்துச் சொல்ல வழி இருந்ததா? அன்றைய பாராமகாலில் நிலம் மிகுதி, உழும் கை குறைவு. போர்களால் ஊர்கள் காலியாகிக் கிடந்த காலம். தீர்வை கட்டுப்படியாகாவிட்டால் குடியானவர் ஏர் மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த சீமைக்குப் போய்விடலாம், போகவும் செய்தார்கள். கூடாரத்தில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை ரயத்துகளின் புகாரைக் கேட்டார் மன்றோ என்றால், அதில் அவருடைய குணத்துக்கும் பங்கு உண்டு. கேட்காவிட்டால் வசூல் நின்றுபோகும் என்ற நிலைக்கும் பங்கு உண்டு. அவர் கருத்துத் திருந்தியதற்கு ரயத்தின் கையில் இருந்த அந்தச் சிறு பலமே காரணம். அது இல்லாத இடங்களில் அதே மன்றோ என்ன பார்த்தார், என்ன பார்க்காமல் விட்டார் என்று கேட்டால் விடை சங்கடமாக இருக்கிறது.

ஜமாபந்திக்கு வந்தவர் யார்? பட்டா கேட்கத் தகுதி உள்ளவர். அந்தப் பட்டாதாரின் காட்டில் கூழுக்கும் படிக்கும் உழைத்த பண்ணையாள் அங்கே வரவில்லை. கடனுக்குக் கட்டுண்ட அவரால் ஊரை விட்டுப் போகவும் முடியாது, அதிகாரி முன்னால் போய் நிற்கவும் முடியாது. உழுபவருக்கும் சர்க்காருக்கும் நடுவே யாரும் வேண்டாம் என்பதுதான் ரயத்துவாரியின் தத்துவம். நடைமுறையில் உழுபவர் என்ற கணக்கில் ஏறியவர் நிலத்தை வைத்திருந்தவர். உழுத கை கணக்குக்கு வெளியே நின்றது. பெண்களுக்கும் அதே கதி. 1822-இல் கவர்னராக இருந்த மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளி, எந்தச் சாதியில் எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களிடம் கேட்டுக் கணக்கெடுத்தார். 1826-இல் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தொகை வந்தது. ஊகிக்காமல் கேட்டு எண்ணினார் என்பதற்காக அந்தக் கணக்கு இன்றும் போற்றத் தக்கது. அதே கணக்கில் பெண் குழந்தைகள் மிகக் குறைவாகவே இருந்தார்கள். 1813-இல் அவர் புகழ்ந்த பள்ளிகளின் வாசலில் யார் நிற்கவில்லை என்பது, அவரே எடுத்த கணக்கில் பதிந்திருக்கிறது.

ரயத்துக்குக் கிடைத்த மறுக்கும் வாய்ப்பும் நிலைக்கவில்லை. சேலம், பாராமகால் பகுதிகளையே 1802 முதல் மிட்டா எனும் சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். கட்டமுடியாத மிட்டாதார்களின் கிராமங்கள் பல பிறகு சர்க்காருக்கே திரும்பின. மற்ற இடங்களில் ரயத்துவாரி நடந்தபோது, நிலத்தை விடும் உரிமை ஏட்டில்தான் இருக்கிறது, வேண்டாத நிலத்தையும் ரயத்தின் தலையில் கட்டி உழவைக்கிறார்கள் என்று 1818-இல் சென்னை வருவாய் வாரியமே குற்றம் சாட்டியது. 1855-இல் வெளியான சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படிப்பவருக்கு உடம்பு நடுங்கும். விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி. தலையைக் குனியவைத்துக் காலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள். தீர்வை பாக்கிக்காகக் கீழ்நிலைச் சேவகர்கள் இவற்றைச் செய்தார்கள் என்பதை அந்தக் குழு பதிவு செய்தது. ஒரு வட்டாரத்தில் மக்கள் மறுத்ததால் செப்பமான கருத்து, மறுக்க முடியாதவர்கள் மேல் சட்டமாகப் போய் உட்கார்ந்தபோது வேறொன்றாக மாறிவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். மன்றோ வரி வாங்க வந்தவர்; அவருடைய கருத்தை நேர்மையான கருத்து என்று எடைபோடுவதே தவறு என்பார்கள். வரி வாங்க வந்தவர் என்பது உண்மை. ஆயினும் நோக்கம் தெரிந்துவிட்டால் கருத்தின் தரம் தெரிந்துவிட்டதாக ஆகாது. கடப்பை, பெல்லாரிப் பகுதியில் தீர்வையை நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்று 1807-இல் மேலிடத்துக்கு எழுதியவரும் இவரே. உயர்பதவிகளிலிருந்து இந்தியரை ஒதுக்கிவைப்பது அவர்களுடைய குணத்தையே கெடுக்கும், அவர்களுக்குப் பொறுப்பைக் கொடுங்கள் என்று 1824 டிசம்பரில் குறிப்பு எழுதியவரும் இவரே. இரண்டும் கம்பெனியின் அன்றைய வசதிக்கு எதிரானவை. கெட்ட இடத்தில் நின்றுகொண்டும் ஒருவர் சரியாகப் பார்க்கலாம். நல்ல எண்ணத்தோடு வந்தவரும் தவறாகப் பார்க்கலாம். அதனால்தான் பேசியவரின் மனத்தை ஆராய்வதைவிட, எதிரே இருந்தவருக்கு வாய் இருந்ததா என்று பார்ப்பது பயன்தரும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊரார் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தால், ஊரே சேர்ந்து மறைக்கும் கொடுமையை யார் சொல்வது? பெண் சிசுக்கொலையை எண்ணிப் பாருங்கள். 1986-இல் உசிலம்பட்டிப் பக்கத்து நிலைமையை வெளியிலிருந்து வந்த பத்திரிகையாளர்கள் எழுதியபோதுதான் நாடு அதிர்ந்தது. சேலத்திலும் தர்மபுரியிலும் அதே கொடுமை இருந்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. உள்ளூர்க்காரர் அறியாமல் எதுவும் நடக்கவில்லை, அறிந்தும் பேசவில்லை. இங்கே வெளியாளின் கண் இன்றியமையாததாக இருந்தது. அதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்தை அது முறிக்கவில்லை, கூர்மையாக்குகிறது. ஊரின் பெயரால் பதில் சொன்னவர்கள் யார்? கொல்லப்பட்ட குழந்தை அல்ல. கொல்லச் சொல்லி நெருக்கப்பட்ட தாயும் அல்ல. வாய் இல்லாதவருக்கு வாய் கிடைக்கச் செய்வதே வெளியாள் செய்யக்கூடிய பேருதவி.

கிடைக்கச் செய்த முறைதான் பலனைத் தீர்மானித்தது. 1997 முதல் 1999 வரை தர்மபுரியில், டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் பகுதியாகக் கலைப்பயணம் நடந்தது. பணம் வெளிநாட்டுடையது; ஆடியவர்களும் பாடியவர்களும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள். நீங்கள் கொலைகாரர்கள் என்று யாரும் மேடையேறித் தீர்ப்புச் சொல்லவில்லை. பெண் பிறந்த வீட்டில் மாமியார் என்ன சொல்கிறாள், வரதட்சணைக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைத் தெருவில், அந்த ஊர்ப் பேச்சிலேயே நடித்துக் காட்டினார்கள்; பார்த்த பெண்கள் தங்கள் வாழ்க்கையை அங்கே கண்டார்கள். சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சிட்லிங்கியில் 1993-இல் மருத்துவமனை தொடங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியும் கேரளத்திலிருந்து வந்தவர்கள்தான். மலையாளி என்ற உள்ளூர்ப் பழங்குடியின் பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றினார்கள். மருந்தோடு நின்றிருக்க வேண்டிய பணி, மக்கள் சொன்னதைக் கேட்டு இயற்கை வேளாண்மைக்கும் லம்பாடிப் பெண்களின் பூவேலைக்கும் விரிந்தது. பின்தங்கிய மாவட்டம் என்று ஒரே சொல்லில் தர்மபுரியை முடித்துவிட்டுப் போகும் கட்டுரைகளுக்கும் இந்த வேலைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஜப்பானின் கேள்விக்கும் இங்கிருந்து ஒரு விடை கிடைக்கிறது. அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவரில் குடியுரிமை பெறாதவருக்கு வாக்கு இல்லை. அவர் சொல்லும் கருத்து யார் மேலும் சட்டமாக இறங்காது. பிடிக்காவிட்டால் ஜப்பானியர் அவரை மறுத்து எழுதலாம், சிரித்து ஒதுக்கலாம். மன்றோவின் முன் போய் நிற்கவும் முடியாத பண்ணையாளுக்கு இல்லாத பலம் அவர்களுக்கு முழுமையாக இருக்கிறது. அந்த நிலையில் வந்தவர் வாயை அடைக்கச் சொல்வதற்கு நியாயம் கிடையாது. இழப்பு அந்தச் சமூகத்துக்கே. அஞ்ச வேண்டியது அதிகாரத்தோடு சேர்ந்த கருத்தை. அதிகாரம் வெளிநாட்டுக்காரரிடம் இருந்தாலும் சரி, சென்னையிலிருந்து வரும் அதிகாரியிடமோ தொலைக்காட்சிக் குழுவிடமோ இருந்தாலும் சரி, தர்மபுரிக்கு அது ஒன்றுதான்.

இந்த அளவுகோலை நம்மீதும் வைத்துக்கொள்ள வேண்டும். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறவர்கள் அந்த ஊர்களில் வெளியாட்கள். கட்டிடம் கட்டுகிற அவர்களிடம் அந்த நகரத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊர் ஓட்டலிலும் செங்கல் சூளையிலும் நிற்கும் வட மாநிலத் தொழிலாளியைப் பற்றி நாம் நாள்தோறும் தீர்ப்புச் சொல்கிறோம். நம்மைப் பற்றி அவர் என்ன பார்க்கிறார் என்று கேட்டதில்லை. மன்றோவின் ஏழாண்டு நமக்குக் கற்றுத்தருவது இதுதான்: ஒருவரைப் பற்றி முடிவுக்கு வருமுன் அவர் மறுக்க முடிகிற இடத்தில் இருக்கிறாரா என்று பார், இல்லையென்றால், முதலில் அந்த இடத்தை அவருக்கு உண்டாக்கிக் கொடு. அதைச் செய்யாத கருத்து, யார் சொன்னாலும், எத்தனை ஆண்டு இருந்து சொன்னாலும், பாதிக் கருத்துதான். நம் நடுவே வாழும் வட மாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)