ஏ.பி.டி. பஸ்சிலிருந்து பார்சல் லாரிக்கு

2014 அக்டோபர் 2 அன்று சென்னையில் வள்ளலார்–காந்தி விழா நடந்துகொண்டிருந்தபோதே காலமானார், அதை ஆண்டுதோறும் நடத்திவந்த பொள்ளாச்சி நா. மகாலிங்கம். வயது 91. சக்தி குழுமத்தின் நிறுவனர் என்பதால் தொழிலதிபராகவே பலருக்கும் அவரைத் தெரியும். 1952 முதல் 1967 வரை காங்கிரஸ் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்பது இன்றைய தலைமுறைக்கு அவ்வளவாகத் தெரியாது.

அரசியலை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வந்தவர் என்றும் சொல்லிவிட முடியாது. அப்பா நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-ல் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டை (ஏ.பி.டி.) தொடங்கியபோது மகனுக்கு எட்டு வயது. தொழில் வீட்டிலேயே இருந்தது. சட்டமன்றம்தான் இடையில் வந்தது.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரிய பேச்சு தண்ணீர்தான். ஆனைமலையில் கொட்டும் மழை மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிவிடும். மலைக்குக் கிழக்கே பல்லடம் வரைக்கும் வானம் பார்த்த பூமி. மலைக்குள்ளேயே அணைகள் கட்டி, சுரங்கம் குடைந்து, அந்த நீரைக் கிழக்கே திருப்பியதுதான் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். ஊர்க்காரர்கள் வாயில் அது பி.ஏ.பி. ஆனது. காமராஜர் ஆட்சியில் அதற்காக மன்றாடியவர்களில் மகாலிங்கமும் ஒருவர். 1961-ல் நேரு தொடங்கிவைத்தார். கேரளத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல்தான். 1958 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டுக்கொண்டார்கள்!

அதே 1961-ல்தான் சக்தி சர்க்கரை ஆலை நிறுவனமும் பதிவானது. ஆலையோ பி.ஏ.பி. பாசனத்தில் இல்லை, பவானி ஆற்றோரம், ஆப்பக்கூடலில். வெட்டிய கரும்பைப் போட்டுவைக்க முடியாது; நேரம் ஆக ஆக எடை குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். அதனால் சுற்றுவட்டார விவசாயிகளிடம் கரும்பைப் பதிவு செய்து, வெட்டும் நாளை முறைவைத்து, லாரி அனுப்பி, பணம் பட்டுவாடா செய்தாக வேண்டும். இயந்திரத்தைவிட ஆட்களைத் தெரிந்திருப்பது முக்கியமான தொழில் இது. தொகுதி சுற்றிப் பழகியவருக்கு அது கைவந்திருக்கும் என்றே நினைக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் ஆலை வைக்க முடியாத காலத்தில், பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ. ஆலை தொடங்குவது இன்றைக்கென்றால் டி.வி. விவாதமாகியிருக்கும்.

ஆனால் அரசியல் அவருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கவில்லை. 1967-ல் காங்கிரஸ் ஆட்சி போனது. 1970களின் தொடக்கத்தில் தி.மு.க. அரசு பஸ் போக்குவரத்தை நாட்டுடைமையாக்க, அப்பா காலத்து ஏ.பி.டி. பஸ்கள் சேரன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. அதற்கான முடிவை எடுத்தது, பதினைந்து ஆண்டுகள் அவரே உட்கார்ந்திருந்த அதே சட்டமன்றம். பயணிகளை ஏற்றும் உரிமை போனாலும் சரக்கு ஏற்றத் தடையில்லை. ஏ.பி.டி. என்ற மூன்றெழுத்து பார்சல் லாரிகளுக்கு மாறியது.